ஸஹர் நேர வானில் ஒரு தீப்பந்து: பார்த்தவர் மீதுள்ள கடமை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழி நடந்த நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக.



பலாவும் வாழையும் மிளகும் வாங்குவதற்காகக் கொல்லிமலைக்குப் போய்வருகிற வியாபாரிகள் உண்டு. சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு. சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டுமென்றால் இருட்டிலேயே வண்டியைக் கிளப்ப வேண்டும். ஊர்களின் விளக்கு வெளிச்சமெல்லாம் அடிவாரத்தில் தங்கிவிடும். மேலே போய் வண்டியை நிறுத்தி இறங்கினால், கீழே ஊரில் நாம் பார்த்தே இராத அளவுக்கு நட்சத்திரங்கள் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில், ஸுப்ஹுக்கு முந்தைய அந்த நேரத்தில் வானத்தைப் பார்ப்பவர்களுக்குச் சில சமயம் ஒரு காட்சி கிடைக்கிறது. திடீரென்று ஒரு தீப்பந்து வானத்தைக் கிழித்துக்கொண்டு பாய்கிறது. இரண்டு மூன்று விநாடிதான். மரமும் பாறையும் நிழல் விழுகிற அளவுக்கு வெளிச்சம். பிறகு மறுபடியும் இருட்டு.

அதைப் பார்த்தவர் என்ன சொல்கிறார்? ஒருவர், “யாரோ பெரிய மனுஷர் மௌத்தாகப் போகிறார்” என்கிறார். இன்னொருவர், “மனசுல ஒண்ணு நெனச்சுக்கோ, நடக்கும்” என்கிறார். மூன்றாமவர் செல்போனைத் தேடுகிறார். அது அணைந்த பிறகும் வீடியோ கிடைக்கவில்லையே என்ற வருத்தம்தான் அவருக்கு மிஞ்சுகிறது. அல்லாஹ்வின் அத்தாட்சி ஒன்றைக் கண்ணால் கண்ட முஃமின் செய்ய வேண்டியது என்ன? இன்றைய ஜும்ஆவில் இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

தீப்பந்து என்பது என்ன?

நாம் எரிநட்சத்திரம் என்று சொன்னாலும் விழுவது நட்சத்திரமல்ல. சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிற கல்லோ துகளோ பூமியின் காற்று மண்டலத்துக்குள் நுழைகிறது. அதன் வேகம் ஒரு விநாடிக்கு 11 கிலோமீட்டர் முதல் 72 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அந்த வேகத்தில் முன்னால் இருக்கிற காற்று நெருக்கப்பட்டுக் கடுமையாகச் சூடாகிறது. கல்லும் சூடேறி உருகி ஒளிர்கிறது. மணல் அளவுள்ளது ஒரு கோடு போலத் தெரிந்து மறையும். சற்றுப் பெரியதாக இருந்து, வெள்ளிக் கோளையும் விட அதிகமாகப் பிரகாசித்தால் அதைத் தீப்பந்து என்கிறார்கள். அப்படி வருவது முழுவதும் எரிந்து போகாமல் தரைக்கு வந்து சேர்ந்தால் அதுவே விண்கல்.

இவை விடியற்காலையில் அதிகம் கண்ணில் படுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. மழையில் ஓடுகிற பேருந்தின் முன்கண்ணாடியில்தானே தூறல் அதிகமாக மோதும்? பின்கண்ணாடியில் குறைவு. பூமி விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றி ஓடுகிறது. நடுநிசிக்குப் பிறகு விடியும் வரை நாம் நிற்கிற பக்கம் அந்த ஓட்டத்தின் முன்பக்கமாக இருக்கிறது. அதனால் முன்னிரவைவிடப் பின்னிரவில் எரிகற்கள் கூடுதலாகத் தெரிகின்றன.

சகோதரர்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். தஹஜ்ஜுத் தொழுகையின் நேரமும், ஸஹரின் நேரமும், பாவமன்னிப்புத் தேடுகிறவர்களை அல்லாஹ் புகழ்ந்து பேசுகிற நேரமும் அதுதான். அந்த நேரத்தில் விழித்திருப்பவருக்கே இந்தக் காட்சி அதிகம் வாய்க்கிறது.

நபியவர்கள் முன்னிலையில் ஒரு நட்சத்திரம் விழுந்தபோது

ஸஹீஹ் முஸ்லிமில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், அன்ஸாரித் தோழர் ஒருவர் வாயிலாக அறிவிக்கிற செய்தி இது. ஓரிரவு நபி (ஸல்) அவர்களுடன் தோழர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அப்போது ஒரு நட்சத்திரம் எறியப்பட்டு வெளிச்சம் பரவுகிறது. அறியாமைக் காலத்தில் இப்படி நடந்தால் நீங்கள் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று நபியவர்கள் கேட்டார்கள். இன்றிரவு ஒரு பெரிய மனிதர் பிறந்திருக்கிறார், ஒரு பெரிய மனிதர் இறந்திருக்கிறார் என்று சொல்வோம் எனத் தோழர்கள் பதில் சொன்னார்கள். எவருடைய மரணத்துக்காகவும் எவருடைய வாழ்வுக்காகவும் அது எறியப்படுவதில்லை என்று நபியவர்கள் திருத்தினார்கள்.

அன்று மக்காவிலும் மதீனாவிலும் இருந்த அதே நம்பிக்கை 1400 ஆண்டுகள் கழித்து நம் தெருவிலும் இருக்கிறது, பார்த்தீர்களா!

நபியவர்கள் அத்தோடு நிறுத்தவில்லை. அல்லாஹ் ஒரு காரியத்தை முடிவு செய்யும்போது அர்ஷைச் சுமக்கிற மலக்குகள் தஸ்பீஹ் செய்கிறார்கள். அடுத்தடுத்த வானத்தவர்களும் தஸ்பீஹ் செய்கிறார்கள். செய்தி ஒவ்வொரு வானமாக இறங்கி இந்த முதல் வானம் வரை வருகிறது. அதை ஜின்கள் ஒட்டுக்கேட்டுத் தங்கள் கூட்டாளிகளான குறிசொல்பவர்களிடம் போட முயல்கின்றன. அப்போது அவை எறியப்படுகின்றன. குறிகாரர்களோ கிடைத்த ஒரு துணுக்கோடு பல பொய்களைச் சேர்த்துவிடுகிறார்கள். இதுதான் அந்த ஹதீஸின் விளக்கம்.

குறிசொல்பவர்களுக்குச் செய்தி போகாமல் தடுப்பதற்காக எறியப்படுவது இந்தத் தீ. அதே தீயைப் பார்த்துவிட்டு, “இது என்ன சகுனமோ, யாரிடமாவது கேட்போம்” என்று குறிகாரரிடம் போவது எவ்வளவு பெரிய முரண்! குறிகாரரிடம் போய்க் கேட்பவரின் தொழுகை 40 இரவுகள் ஏற்கப்படாது என்ற எச்சரிக்கையும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

இதே பாடத்தை நபியவர்கள் தம் சொந்தத் துக்கத்திலும் கற்றுத் தந்தார்கள். அருமை மகன் இப்ராஹீம் (ரலி) வஃபாத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் மகன் இறந்ததால்தான் கிரகணம் என்று மக்கள் பேசினார்கள். அந்தப் பேச்சை அப்படியே விட்டிருந்தால் நபியவர்களுக்குப் பெருமையாக இருந்திருக்கும். அவர்கள் விடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்து, மக்களைத் தொழுகைக்கும் துஆவுக்கும் திருப்பினார்கள்.

அறிவியலும் மறையும் மோதுகின்றனவா?

இந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி வருகிறது. “ஹஜ்ரத், ஸ்கூல்ல இதை விண்வெளிக் கல் என்கிறார்கள். நீங்கள் ஷைத்தானை விரட்டும் எறிபொருள் என்கிறீர்கள். எது உண்மை?”

அவர்களை அதட்டி உட்கார வைக்காதீர்கள். நியாயமான கேள்வி. முதல் வானத்தை விளக்குகளால் அலங்கரித்ததையும், ஷைத்தான்களை எறிவதற்குரியவற்றை ஆக்கியதையும் சூரா முல்க்கின் 5ஆம் வசனம் பேசுகிறது. சூரா ஸாஃப்ஃபாத்தின் 6 முதல் 10 வரையுள்ள வசனங்களிலும், சூரா ஜின்னின் 8, 9ஆம் வசனங்களிலும் இதே கருத்து வருகிறது. வானத்திலிருக்கிற நட்சத்திரங்களே எறியப்படுவதில்லை, அவற்றுக்குக் கீழேயுள்ள தீச்சுடர்களே எறியப்படுகின்றன என்று இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தம் விரிவுரையில் விளக்குகிறார்கள். அவர்கள் வஃபாத்தானது ஹிஜ்ரி 774இல். தொலைநோக்கிக் கருவி உலகுக்கு வருவதற்கு முன்பே எழுதியது அது.

கல் எப்படி வருகிறது, எப்படி எரிகிறது என்பதை அறிவியல் சொல்கிறது. அந்தக் கல்லை யார் ஏவுகிறான், எந்த வேலைக்கு ஏவுகிறான் என்பது மறைவான ஞானம்; அதை வஹீதான் சொல்லும். மழை எப்படிப் பெய்கிறது என்று நமக்குத் தெரியும். அதனால் ரிஸ்க்கைத் தருபவன் அல்லாஹ் என்பது பொய்யாகிவிட்டதா? கருவி மூலம் பார்க்கக்கூடியதைக் கருவி பார்க்கட்டும். ஜின்களின் உலகம் கருவிக்குள் அடங்காது. எந்தக் கல் எதற்காக எறியப்பட்டது என்று நாமும் கைகாட்டிச் சொல்ல முடியாது. நம்புவது நம் வேலை, ஊகிப்பது நம் வேலையல்ல.

நம் மண்ணில் விழுந்தவை

இது எங்கோ தூர தேசத்தில் நடப்பதல்ல. 1621 ஏப்ரல் 10ஆம் நாள் விடியற்காலையில் பஞ்சாபின் ஜலந்தர் பகுதியில் பேரிரைச்சலோடு ஒரு விண்கல் விழுந்தது. முகலாய மன்னர் ஜஹாங்கீர் இதைத் தம் நினைவுக் குறிப்புகளிலேயே பதிவு செய்திருக்கிறார். விழுந்த இடத்தைத் தோண்டி எடுத்த இரும்பைக் கொல்லரிடம் கொடுத்து, சாதாரண இரும்பும் கலந்து, வாள்களும் குத்துவாளும் கத்தியும் செய்ய வைத்தார். வானத்திலிருந்து வந்த இரும்பில் வாள் வைத்திருந்த அந்த மன்னர் 1627இல் மௌத்தானார். அந்தக் கத்தி இன்று அமெரிக்காவின் வாஷிங்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கத்தி இருக்கிறது, பிடித்த கை இல்லை!

நம் தமிழ்நாட்டிலேயே, கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி அருகே 2008 செப்டம்பர் 12ஆம் நாள் காலை சுமார் 8:30 மணிக்கு விண்கல் விழுந்தது. கிடைத்த துண்டுகளின் மொத்த எடை சுமார் 110 கிலோ. இந்த வகைக் கற்கள் உருவாகிச் சுமார் 450 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இத்தனை கோடி ஆண்டுகள் சுற்றித் திரிந்த ஒரு கல்லுக்கு, அது இறங்க வேண்டிய நாளும் நிலமும் எழுதப்பட்டிருந்தது. ஓர் இலை உதிர்வதும் அவன் அறியாமல் இல்லை என்று சூரா அன்ஆமின் 59ஆம் வசனம் சொல்கிறதே, அந்தக் கல் மட்டும் விலக்காகுமா?

ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புரா என்ற கிராமம். 2017 ஜூன் 6ஆம் நாள் அதிகாலை சுமார் 5:15 மணிக்கு அங்கே வயலில் ஒரு விண்கல் விழுந்து உடைந்தது. சுமார் இரண்டு கிலோ எடைதான். ஆனால் நீரோடு சேர்ந்து உருவான களிமண் போன்ற கனிமங்கள் உள்ள அபூர்வ வகை அது. அன்றைய தேதியைக் கவனியுங்கள். நம் நாட்டில் அந்த ஆண்டு ரமளான் பத்தாம் நோன்பு. ஸஹர் முடித்து, ஸுப்ஹு தொழுதுவிட்டு மக்கள் இருந்த நேரம். எத்தனை பேர் தொழுதுவிட்டுத் திக்ரில் இருந்திருப்பார்கள். எத்தனை பேர் ஸஹர் சாப்பிட்டுவிட்டுத் தொழாமலே தூங்கியிருப்பார்கள்! விழுகிற கல் யாரையும் எழுப்பிச் சொல்லிவிட்டு விழுவதில்லை.

வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே

2013 பிப்ரவரி 15ஆம் நாள் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஊர். காலை சுமார் 9:20 மணி; அங்கே குளிர்காலத்தில் அதுதான் விடிகிற நேரம். சுமார் 20 மீட்டர் அகலமுள்ள ஒரு கல் விநாடிக்குச் சுமார் 19 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, தரைக்கு 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறியது. அந்த வெளிச்சம் சூரியனையும் மிஞ்சியது.

வெளிச்சம் உடனே வந்தது. சத்தமும் அதிர்வும் வரச் சுமார் இரண்டு நிமிடங்கள் ஆயின. அந்த இரண்டு நிமிடத்தில் மக்கள் என்ன செய்தார்கள்? பலர் வேடிக்கை பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள். அதிர்வலை வந்து மோதியபோது கண்ணாடிகள் நொறுங்கின. சுமார் 1,500 பேர் மருத்துவ உதவி தேடினார்கள். பெரும்பாலும் கண்ணாடிக் காயம்தான். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை, அது என்னவென்று தெரியாதபோதும், வகுப்பிலிருந்த 44 பிள்ளைகளையும் மேசைக்கு அடியில் பதுங்கச் சொன்னார். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் காயமில்லை. அந்த ஆசிரியைக்குக் கண்ணாடி கிழித்துக் காயம் ஏற்பட்டது.

அந்த ஊர் மக்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நாமாக இருந்தாலும் ஜன்னலுக்குத்தான் ஓடியிருப்போம். அது தண்டனை என்று தீர்ப்பளிக்கவும் நமக்கு உரிமையில்லை. நாம் பார்க்க வேண்டியது அந்த இரண்டு நிமிட அவகாசத்தை. எச்சரிக்கை வந்துவிட்டது, விளைவு இன்னும் வரவில்லை. நடுவில் ஒரு முஹ்லத், அதாவது தவணை. நம் ஆயுளும் அப்படித்தானே? தலையில் நரை வந்துவிட்டது. உடம்பில் சர்க்கரை வந்துவிட்டது. கூடப் படித்தவர்களின் ஜனாஸாவைத் தோளில் சுமந்துவிட்டோம். வெளிச்சம் வந்துவிட்டது சகோதரர்களே, சத்தம்தான் இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியில் வேடிக்கை பார்க்கிறோமா, நம்மையும் நம் பொறுப்பிலுள்ள பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொள்கிறோமா?

வானத்தில் இருப்பவன் உங்கள் மீது கல்மழையை அனுப்பிவிட மாட்டான் என்று அச்சமற்று இருக்கிறீர்களா என்ற கருத்தில் சூரா முல்க்கின் 17ஆம் வசனம் நம்மைக் கேட்கிறது. தூங்கும் இரவிலோ விளையாடும் முற்பகலிலோ அவனுடைய வேதனை வராது என்ற தைரியமா என்று சூரா அஃராஃபின் 97, 98ஆம் வசனங்கள் கேட்கின்றன. நபி (ஸல்) அவர்கள் கருமேகத்தையும் காற்றையும் கண்டால் முகம் மாறிப்போவார்கள். மக்கள் மழை வருமென்று மகிழ்கிறார்கள், உங்கள் முகத்தில் கவலை தெரிகிறதே என்று அன்னை ஆயிஷா (ரலி) கேட்டபோது, அதில் வேதனை இல்லை என்று எப்படி அச்சமற்று இருப்பேன், ஒரு கூட்டம் காற்றால் அழிக்கப்பட்டதே என்ற பொருளில் பதில் சொன்னார்கள். பாவமே செய்யாத நபிக்கு அந்த அச்சம் இருந்தது என்றால், நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

நாவையும் விரலையும் காப்போம்

2016 பிப்ரவரி 6ஆம் நாள், அன்றைய வேலூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிச்சத்தம் கேட்டது. அங்கே பணியாற்றிய பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். வேறு சிலர் காயமடைந்தார்கள். விண்கல் விழுந்து இறந்தார் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. அரசு அறிவிப்பிலும் விண்கல் என்றே வந்தது. ஆனால் வெளியான படங்களைப் பார்த்த அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் அறிவியலாளர்கள், அது தரையில் நடந்த வெடிப்பைப் போலவே இருக்கிறது என்று சொன்னார்கள்.

அங்கே ஒரு குடும்பம் தன் ஆளை இழந்து நின்றது. வெளியே உலகம், “விண்கல் விழுந்து செத்த முதல் மனிதர்” என்று வியந்துகொண்டிருந்தது. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்கிறது சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம். கேட்டதையெல்லாம் பேசுவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்று நபியவர்கள் எச்சரித்ததை இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையில் பதிவு செய்கிறார்கள். வானத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்த உடனே “கியாமத் வந்துவிட்டது”, “இன்ன நாட்டுக்கு அழிவு” என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற விரலும் நாளை மறுமையில் சாட்சி சொல்லும்.

பார்த்தவர் செய்ய வேண்டியவை

முதலாவது, அல்லாஹ்வை நினைப்பது. எரிநட்சத்திரம் விழும்போது என்ன சொல்வது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அல்அத்கார் நூலில் தனிப் பாடமே வைத்திருக்கிறார்கள். விழும் நட்சத்திரத்தைப் பார்வையால் பின்தொடராமல், அல்லாஹ் நாடியதே நடக்கும், அவனையன்றி ஆற்றல் இல்லை என்ற பொருளுள்ள திக்ரைச் சொல்வது பற்றி இப்னு மஸ்ஊத் (ரலி) வாயிலாக ஓர் அறிவிப்பு அங்கே வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ் கலை அறிஞர்களின் கருத்து. எனவே இதுதான் சுன்னத்தான துஆ என்று உறுதியாகச் சொல்ல வேண்டாம். ஆனாலும் வேடிக்கையில் மூழ்காமல் திக்ரில் நாவை நனைப்பது எந்த நேரத்திலும் நல்லதுதான். ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லுங்கள், இஸ்திக்ஃபார் செய்யுங்கள்.

இரண்டாவது, அந்த நேரத்தை வீணாக்காமல் இருப்பது. இப்னு அப்பாஸ் (ரலி) சிறுவராக இருந்தபோது, தம் சிறிய தாயாரான அன்னை மைமூனா (ரலி) வீட்டில் ஓரிரவு தங்கினார்கள். இரவின் கடைசிப் பகுதியில் நபியவர்கள் எழுந்து அமர்ந்து, வானத்தைப் பார்த்து, சூரா ஆலஇம்ரானின் கடைசி வசனங்களை ஓதினார்கள். பிறகு மிஸ்வாக் செய்து, உளூச் செய்து தொழுதார்கள். பார்வை வானத்துக்குப் போனது, அடுத்து கால் முஸல்லாவுக்குப் போனது. சந்தைக்குப் போகிற வழியில் சோளக்காட்டில் வண்டியை நிறுத்தி வானத்தைப் பார்க்கிற சகோதரரே, தண்ணீர் பாட்டில் கையில் இருக்கிறதல்லவா? உளூவுக்கு அது போதும். வியாபாரம் தொடங்குவதற்கு முன் இரண்டு ரக்அத். பிறகு நேரம் வந்ததும் ஸுப்ஹு. ஸுப்ஹின் முன்சுன்னத்து இரண்டு ரக்அத்தே உலகத்தையும் அதிலுள்ளவற்றையும் விடச் சிறந்தது என்றால், அன்றைய மிளகு லாபம் அதற்கு முன் எம்மாத்திரம்!

மூன்றாவது, பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது. ஆகஸ்ட் 12, 13ஐ ஒட்டியும் டிசம்பர் 13, 14ஐ ஒட்டியும் ஆண்டுதோறும் எரிகற்கள் அதிகம் தெரியும். அந்த நாட்களில் ஒருமுறை பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். பாடத்தில் படித்த கல்லையும் சொல்லுங்கள், சூரா முல்க்கில் ஓதுகிற வசனத்தையும் சொல்லுங்கள். பெரிய வெளிச்சம் ஒன்றைக் கண்டால் கண்ணாடி ஜன்னல் அருகே ஓடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உயிரைக் காப்பதும் மார்க்கம்தான்.

ஹிஜ்ரி 599, அதாவது 1202ஆம் ஆண்டு, முஹர்ரம் மாத இறுதியில் ஓரிரவு முழுவதும் எரிநட்சத்திரங்கள் மழைபோலக் கொட்டியதாக அரபு வரலாற்று நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. விடியும் வரை அது நீடித்தது. நவம்பரில் வருகிற சிம்ம எரிகற்கள்தான் அவை என்று இன்றைய வானியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். அந்த இரவில் மக்கள் நடுங்கிப்போய் அல்லாஹ்விடம் அழுது மன்றாடினார்கள் என்கிறது அந்தப் பதிவு. நட்சத்திரங்கள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் அவர்கள் சிந்திய கண்ணீர் வீண் போயிருக்குமா? அந்த அழுகை அவர்களுடைய ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். நட்சத்திரங்கள் உண்மையாகவே உதிர்ந்து விழுகிற நாள் ஒன்று வர இருக்கிறது. அன்று அழுவதில் பயனிருக்காது. இன்று அழுதால் பயனுண்டு.

யா அல்லாஹ்! உன் அத்தாட்சிகளைக் கண்டு படிப்பினை பெறுகிற கண்களை எங்களுக்குத் தருவாயாக! சகுனத்திலிருந்தும் மூடநம்பிக்கையிலிருந்தும் எங்கள் ஈமானைப் பாதுகாப்பாயாக! நீ தந்திருக்கிற தவணை முடிவதற்குள் தவ்பா செய்கிற பாக்கியத்தை அருள்வாயாக! மலையிலும் சாலையிலும் இருட்டில் பயணம் செய்கிற எங்கள் சகோதரர்களைப் பாதுகாப்பாயாக! ஸுப்ஹு ஜமாஅத்தில் எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் நிலைபெறச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.